உதவி: ரிஜிஸ்டர் பண்ணாத ஒஸ்யத்து (உயில்), பொள்ளாச்சியில ரெண்டு தங்கச்சிக. வீடு வாங்கலாமுங்களா?

வேலந்தாவளத்தான்:
கேரளாவுல கொழிஞ்சாம்பாறை பக்கம் 9 சென்ட், ஓட்டு வீடு. விக்கிறவரோட அப்பா தவறிட்டாரு. வீடு மூத்த பையனுக்குன்னு வெள்ளைத்தாள்ல ஒஸ்யத்து எழுதி வச்சிருக்காரு, ரிஜிஸ்டர் பண்ணலை. அதை வச்சுப் போக்குவரவு (நம்மூர் பட்டா மாத்தற மாதிரி) முடிச்சு, கரம் (நிலவரி) அடைச்ச ரசீது பையன் பேர்லயே வருது. தங்கச்சிக ரெண்டு பேரையும் பொள்ளாச்சியில கட்டிக் குடுத்தாச்சு. “எல்லாம் கிளியர், 2 லட்சம் ரொக்கமா அட்வான்ஸ் போடுங்க”ங்கிறாரு புரோக்கர். எனக்கு மலையாளம் பேச வரும், ஆதாரத்தை (பத்திரத்தை) எழுத்துக்கூட்டித்தான் படிக்கோணும். இன்னொண்ணு, என் பேர்ல வாங்கறதா, வீட்டுக்காரி பேர்லயா? அம்மா எங்கூடத்தான் இருக்காங்க. ஒரே பொண்ணு, ஏழாவது படிக்குது.

எல்லைக்கடை:
கரம் ரசீது இருந்தாப் போதுமுங்க. எங்க மாமா அப்படித்தான் வாங்குனாரு, ஒண்ணும் ஆகலை.

ஆதாரமெழுத்து:
மாமாவுக்கு நல்ல நேரம். போக்குவரவுங்கிறது வில்லேஜ் ஆபீஸ் யாருகிட்ட வரி வாங்கறதுங்கிற கணக்கு. சொத்துரிமை அதுல வராது.

ஒஸ்யத்தை ரிஜிஸ்டர் பண்ணியே ஆகோணும்னு சட்டம் சொல்லலை. 1925 வாரிசுச் சட்டப்படி ரெண்டு சாட்சி கையெழுத்துப் போட்டிருக்கோணும். ஆனா தங்கச்சிக கேஸ் போட்டா, சாட்சி உயிரோட இருக்கிற பட்சத்துல ஒருத்தராவது கோர்ட்டுல வந்து சொல்லோணும். ஒஸ்யத்து நிக்கலைன்னா (இந்துக் குடும்பம்னு வச்சுச் சொல்றேன்) பிள்ளைக மூணு பேருக்கும் சம பங்கு. கட்டிக் குடுத்ததால பொண்ணுக பங்கு போயிடாது. ஆமா, அவங்க அம்மா இருக்காங்களா? நீங்க சொல்லவே இல்லையே. இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு, மொத்தம் நாலு.

குடிக்கடம் (வில்லங்கச் சான்று) எடுத்துப் பார்த்தாலும் இந்த ஒஸ்யத்து அதுல தெரியாது. ஆதாரத்தை பேங்குல வச்சுக் கடன் வாங்கியிருந்தாலும் தெரியாமப் போகலாம். அதனால முன்னாதாரத்தோட (பழைய பத்திரத்தோட) ஒரிஜினலைக் கையில வாங்கிப் பாருங்க, ஜெராக்ஸ் ஆகாது.

வேலந்தாவளத்தான்:
அம்மா இருக்காங்க, மூத்தவர் வீட்டுலதான். சாட்சியில ஒருத்தர் செத்துட்டாராம். இன்னொருத்தர் இந்தப் புரோக்கரோட மச்சான்!

ஆதாரமெழுத்து:
அட கடவுளே. அப்ப அம்மாவும் தங்கச்சிகளும் ஒழிமுறி எழுதித் தரோணும். தமிழ்நாட்டுல விடுதலைப் பத்திரம்னு சொல்றதுதான் இது. இல்லைன்னா தீராதாரத்துலயே (கிரயப் பத்திரத்துலயே) எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். சொத்து கேரளாவுல இருக்கறதால பொள்ளாச்சியில பதிய முடியாது. வர முடியாதவங்க பொள்ளாச்சி சப் ரிஜிஸ்டரார் முன்னால பவர் எழுதிக் குடுக்கலாம்.

20,000 அல்லது அதுக்கு மேல ரொக்கமா அட்வான்ஸ் வாங்கக் கூடாது, வருமான வரிக்காரங்க வாங்குனவருக்கு அபராதம் போடுவாங்க. செக்கா குடுங்க, அதுவும் கராறு (ஒப்பந்தம்) எழுதின பெறகு. செலவுக்கு முத்திரை 8, பதிவு 2 சதவீதம் தனியா எடுத்து வைங்க.

பொள்ளாச்சி அக்கா:
ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே, தம்பி. உங்க பேர்ல மட்டும் வாங்கி, உயில் எழுதாம ஏதாவது ஆச்சுன்னா அம்மா, சம்சாரம், பொண்ணு மூணு பேருக்கும் மூணுல ஒண்ணு. அம்மா காலத்துக்கப்புறம் அவங்க பங்குல உங்க கூடப்பிறந்தவங்களுக்கும் பாத்தியதை வந்துடும். பொண்ணு மைனர்ங்கறதால அது பங்கை விக்க கோர்ட்டு அனுமதி வேணும். எங்க சின்னம்மா இதுக்கே நாலு வருசம் அலைஞ்சாங்க. பேங்க் பாஸ்புக்குல நாமினி போட்டிருக்கே, அது போதும்னு இருந்துட்டாங்க. நாமினி பணத்தை வாங்கிக் குடுக்கற ஆளு, சொந்தக்காரர் இல்லை. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேர் பேர்லயும் வாங்கி, ஆளுக்கொரு உயில் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடுங்க. சாட்சிக்கு உங்களைவிட வயசு கம்மியான ஆளாப் பாருங்க, புரோக்கர் மச்சான் வேண்டாம்.

வேலந்தாவளத்தான்:
சின்னத் தங்கச்சி நம்பர் கிடைச்சுது, இப்பத்தான் பேசுனேன். “எந்த ஒஸ்யத்துங்க?”ன்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க. அட்வான்ஸ் குடுக்கலை. ஞாயித்துக்கிழமை அண்ணன்கிட்டப் பேச வர்றாங்களாம்.