கருப்புச் சேவல் போட்ட இத்தாலி ஒயின்: கெட்டுப்போச்சா?

காவேரிப்பட்டணத்தான்:
எங்கள் மாம்பழக்கூழ் ஆலைக்கு மெஷின் மாட்ட வந்த இத்தாலிக்காரர், ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். கியான்டி கிளாசிக்கோ என்று எழுதியிருக்கிறது, கழுத்தில் கருப்புச் சேவல் முத்திரை. நேற்று ராத்திரி மச்சானோடு உட்கார்ந்து திறந்தேன். இனிப்பு துளிகூட இல்லை. நல்ல புளிப்பு, அப்புறம் ஈறைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. நிறமும் வெளிறித்தான் இருக்கிறது, டம்ளருக்குப் பின்னால் விரல் தெரிகிறது. "கெட்டுப்போச்சு, ஊத்திடு" என்கிறார் மச்சான். பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. என்ன செய்ய?

பர்கூர் வாசி:
மச்சானை ஊத்திடுங்க, பாட்டிலை வெச்சுக்கங்க.

கப்பல்காரன், ஓசூர்:
ஊற்றாதீர்கள். சுற்றுலாக் கப்பலில் சாப்பாட்டு மேசை வேலை பார்த்தவன் நான். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் ஏறுகிற பயணிகள் முதலில் கேட்பதே இதைத்தான். நீங்கள் சொன்னதெல்லாம் அதன் இயல்பு. சாஞ்சோவேசே திராட்சை 80 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் திராட்சைக்குப் புளிப்பு அதிகம், நிறம் குறைவு. கெட்டிருந்தால் வினிகர் நெடி அடிக்கும், இல்லாவிட்டால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும்.

விளைகிற இடம் இத்தாலியின் டஸ்கனி பகுதியில், ஃபுளோரன்சுக்கும் சியெனாவுக்கும் நடுவே உள்ள மலைச்சரிவு. கிரேவே, ராதா, கயோலே, கஸ்தெல்லீனா என்று ஊர்கள். உதிர்கிற களிப்பாறையும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த மண். சேவலுக்கும் ஒரு கதை உண்டு. ஃபுளோரன்சுக்கும் சியெனாவுக்கும் எல்லைத் தகராறு. சேவல் கூவியதும் இரு பக்கமும் குதிரை வீரன் கிளம்பணும், சந்திக்கிற இடம்தான் எல்லை என்று பேச்சு. ஃபுளோரன்ஸ்காரன் தன் கருப்புச் சேவலைப் பட்டினி போட்டான். அது விடியுமுன்பே கூவ, நிலமெல்லாம் அவன் பக்கம்! கதைதான், ஆனாலும் அந்தச் சேவல்தான் இன்றைக்கு முத்திரை.

மிச்சத்தைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். குடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். நம்ம ஊர் வெயிலில் அறைச்சூடு என்பதெல்லாம் சரிப்படாது. வெறும் வாயில் குடிக்காதீர்கள். கொழுப்புள்ள ஆட்டுக்கறி இருந்தால் துவர்ப்பு அடங்கும்.

சந்தூர் நர்சரி:
அந்த எல்லை விஷயம் எங்களுக்கும் பாடம் சார். 1716-லேயே டஸ்கனியை ஆண்ட டியூக், எது கியான்டி நிலம் என்று எல்லை வகுத்து ஆணை போட்டாராம். பேருக்கு மவுசு கூடியதும் சுற்றுவட்டாரம் முழுக்க அதே பேரில் விற்றார்கள். 1932-ல் அரசே மற்ற பகுதிகளையும் கியான்டி என்று சேர்த்துக்கொண்டது. பழைய நிலத்துக்காரனுக்கு மிஞ்சியது பின்னால் ஒட்டிய 'கிளாசிக்கோ'. இங்கே காய்க்கிறது நம்ம தோட்டத்தில், சந்தையில் கேட்டால் இன்னும் "சேலத்து மாம்பழம்". மாவட்டம் பிரிந்து எத்தனை காலம் ஆச்சு! அவனாவது ஒரு சேவலை ஒட்டினான்.

காவேரிப்பட்டணத்தான்:
நன்றி கப்பல்காரரே. ஞாயிற்றுக்கிழமை களியும் கறிக்குழம்பும்தான் வீட்டில், அதோடு ஒத்துவருமா?

கப்பல்காரன், ஓசூர்:
குழம்பு காரமாக இருந்தால் துவர்ப்பு இன்னும் தூக்கும். கறியைத் தனியாக எடுத்து மிளகு போட்டு வறுத்துத் தரச் சொல்லுங்கள். மச்சானுக்குக் குழம்பை ஊற்றிவிடுங்கள்.