வண்டல் இறுகலா, அமுங்கலா?

நாகர்கோவில்:
வணக்கம். கல்லூரிப் புவியியல் பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஆற்று முகத்தில் படிந்த சேறு மேல்பாரத்தால் நீரை இழந்து தடிமன் குறைவதற்கு ஒரு சொல் வேண்டும். 'வண்டல் இறுக்கம்' சரிதானா?

தக்கலை:
'இறுக்கம்' வேண்டாம் ஐயா. அது மனசுக்கும் முகத்துக்கும் போய்விட்டது. ரோடு போடும்போது உருளையும் திமிசுக் கட்டையும் வைத்துச் செய்வது இறுக்கல், பிறவினை; பெரும்பாலும் காற்றுதான் வெளியேறும். சேறு தானே இறுகுகிறது, தன்வினை, வெளியேறுவது நீர். களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை, நீர் கசிய நூற்றாண்டுகூட ஆகும். ஆகவே 'வண்டல் இறுகல்'. ஒரே ஒரு 'க்' இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

குளச்சல்:
அண்ணாச்சி, பாகும் இறுகுது, சிமெண்டும் இறுகுது. அங்கே உயரமா குறைகிறது? இந்தப் பாடமே உயரம் குறைவதைப் பற்றித்தான். 10 மீட்டர் சேற்றில் கன அளவில் 70 விழுக்காடு நீர் என்று வையுங்கள். மண் மட்டும் 3 மீட்டர். நீர் 50 விழுக்காடாகக் குறைந்தால் மொத்தம் 6 மீட்டர்தான் மிஞ்சும். கடல் ஒரு விரற்கடை உயராமலே கரையில் இருப்பவனுக்குக் கடல் 4 மீட்டர் ஏறிவிட்டது. மணலில் நீர் 40 விழுக்காட்டிலிருந்து 35 ஆனால் 10 மீட்டருக்கு 77 செ.மீ. அளவே இறங்கும். இந்த இறக்கம் சொல்லிலேயே தெரியணும்: 'அமுங்கல்'. மெத்தை அமுங்குது என்று எல்லோரும் சொல்வதுதானே.

தக்கலை:
எழுந்துவிட்டால் மெத்தை மீளும். பாரத்தை எடுத்தாலும் சேறு பழைய உயரத்துக்கு வராது.

மார்த்தாண்டம்:
'வண்டல்' பற்றி ஒன்று. சங்கப் பாடல்களில் அது நெய்தல் நிலத்துச் சிறுமியர் மணலில் பாவை செய்து ஆடும் ஆட்டம். அந்தப் பாவையைக் கடல் கொண்டுபோவதும் பாட்டில் உண்டு. ஆட்டத்தின் பெயர் மண்ணுக்கு வந்ததா, மண்ணின் பெயர் ஆட்டத்துக்குப் போனதா? அடியில் மண்டுவது மண்டி. வண்டலும் அந்த வேர்தான் என்பது என் எண்ணம்.

நாகர்கோவில்:
வேரைப் பிறகு பார்ப்போம் ஐயா. மாணவர் குழம்பும் இடம் வேறு. கன்னியாகுமரி முனையின் பாறையில் கடல்மட்டக் கருவியைப் பொருத்தினால் இந்த இறக்கம் கணக்கிலேயே வராது. ஆறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகம் போன்ற சேற்றில் ஆழத்தூண் இறக்கிப் பொருத்தினால், தூணின் அடிக்குக் கீழே தாழ்வது மட்டும் பதிவாகும். அதிகம் இறங்குகிற மேல் இளஞ்சேறு தூணைச் சுற்றி இறங்கிக்கொண்டே இருக்கும், கருவிக்குத் தெரியாது. மிசிசிப்பி டெல்டாவில் இதே சிக்கல். அணை கட்டிப் புது வண்டலை நிறுத்தினாலும் பழையது இறுகுவது நிற்பதில்லை. டெல்டாக் கரை பின்வாங்க இதுவும் ஒரு காரணம். எனவே காரணத்துக்கு 'இறுகல்', விளைவுக்கு 'நிலத்தாழ்வு', கரை நிலத்தை வைத்து அளக்கும் கடல் உயரத்துக்கு 'சார்புக் கடல்மட்டம்' என்று பிரித்துவிடலாமா?

தக்கலை:
சம்மதம்.

மார்த்தாண்டம்:
எனக்கும். 'வண்டல்' இருந்தால் போதும்.

குளச்சல்:
அச்சுக்குப் போகட்டும். ஆனால் நிலநடுக்கத்தில் தாழ்வதும் சுரங்கம் இடிந்து தாழ்வதும் நிலத்தாழ்வுதான். சேறு தன் நீரை விட்டுத் தாழ்வதற்குத் தனிச்சொல் இன்னும் இல்லை. என் ஓட்டு அமுங்கலுக்கே.