பாட்டி வீடு குழு: கவின் படிவம் ஒன்றில் (மலேசிய இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு)

வெள்ளி, ஜனவரி 30

தேவி (இரவு 8:12): இன்றும் கவினின் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்திருக்கிறது. மீஹூன் (அரிசி சேமியா) ஒரு வாய்கூடக் குறையவில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்கிறான். பள்ளி திறந்ததிலிருந்து இதே பதில்தான்.

பாட்டி: கண் பட்டிருக்கும். உப்பும் மிளகாயும் சுற்றிப் போடு.

முரளி: இடைநிலைப்பள்ளிப் பச்சைக் கால்சட்டையோடு படம் எடுத்து இந்தக் குழுவில்தான் போட்டோம் அம்மா. கண் போட்டிருந்தால் நம்மில் ஒருவர்தான் போட்டிருக்க வேண்டும்.

சரஸ்: அக்கா, சாப்பாடு மட்டுமா? மற்றதையும் சொல்.

தேவி: தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். தலைமையாசிரியரிலிருந்து காவலாளி வரை எல்லோரும் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே படிவம் ஒன்றில் மட்டும் ஏழு வகுப்புகள். கூட வந்த இரண்டு பேரையும் வேறு வேறு வகுப்பில் போட்டுவிட்டார்கள். அதிலும் பிற்பகல் பள்ளி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்துதான் தொடங்குகிறது, அதனால் அன்றைக்கு வேன் நேரம் வேறு. வகுப்பில் வாயே திறப்பதில்லையாம், வகுப்பாசிரியர் சொன்னார். மேடையேறித் திருக்குறள் ஒப்புவித்த பிள்ளை!

தேவி: [படம்] கணித நோட்டைப் பாருங்கள்.

சரஸ்: பார்த்தேன். பின்னக் கணக்குகள் எல்லாம் சரி. மூன்று நான்கு வரியில் எழுதிக் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறான். கணக்கு அவனுக்கு வருகிறது. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்ததற்குப் போய்விடுகிறார். ஆறு வருடம் கணிதமும் அறிவியலும் தமிழில் படித்தவன் அல்லவா? மலாய் அவனுக்கு ஒரு பாடமாக இருந்தது, இப்போது வரலாறு, புவியியல் எல்லாம் அதில்தான். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் என்ன எழுதியிருக்கிறான்?

தேவி: மலாய்ச் சொற்கள். எதிரே தமிழில் பொருள். அறிவியல் நோட்டிலும் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. ஒன்றுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, பிறகு அதை அடித்துவிட்டுப் பொருள் எழுதியிருக்கிறான்.

சரஸ்: யாரும் சொல்லாமலேயே செய்திருக்கிறான். இந்தப் பையனை நினைத்தா கவலைப்படுகிறாய்? என் பள்ளிக்குத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் தேர்வு வரை பேச மாட்டார்கள். அதன்பிறகு வாயை மூடச் சொல்லித்தான் எங்கள் தொண்டை வறண்டுபோகும்.

முரளி: நான் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத்தான் படிவம் ஒன்றுக்கே போனேன். இவன் நேராகப் போயிருக்கிறான்.

தேவி: அந்த ஒரு வருடத்தால் உங்களுக்கு என்ன கிடைத்தது அண்ணா?

முரளி: மலாய் வந்தது. வேறு சிலதும் வந்தது. யாழினி இந்தக் குழுவில் இருக்கிறாள், நேரில் சொல்கிறேன்.

யாழினி (8:41): படித்துவிட்டேன் அப்பா.

யாழினி: தேவி அத்தை, சாப்பாட்டு விஷயம் எனக்குத் தெரியும். என் தோழியின் தம்பியும் பிற்பகலில்தான் படிக்கிறான். ஓய்வு நேரம் இருபது நிமிடம். மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் சிற்றுண்டிச்சாலையில் மேசை எல்லாம் நிறைந்துவிடும். கவின் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நூலகத்துக்குப் போய்விடுகிறானாம். அங்கே சாப்பிடக் கூடாது.

தேவி: இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

யாழினி: சொன்னால் நீங்கள் பள்ளிக்கு வந்து நின்றுவிடுவீர்கள் என்ற பயம்தான்.

பாட்டி: வந்தால் என்ன? நான் வருகிறேன்.

முரளி: அம்மா, வேண்டாம்.

யாழினி: மண்டபத்துக்குப் பின்னால் சிமெண்டு பெஞ்சுகள் இருக்கின்றன. நாங்களும் படிவம் ஒன்றில் அங்கேதான் சாப்பிட்டோம். பழைய தோழர்கள் இருவரையும் அங்கே வரச் சொன்னால் போதும். எங்கள் காலை வகுப்பு விடும்போதுதான் அவன் உள்ளே வருகிறான், இடத்தை நானே காட்டிவிடுகிறேன். மீஹூன் மட்டும் வேண்டாம் அத்தை. கரண்டி, எண்ணெய், கை கழுவக் குழாயடி என்று அதிலேயே நேரம் போய்விடும். ரொட்டி வையுங்கள்.

தேவி: சரிம்மா. இன்னொன்று இருக்கிறது. [படம்] படிவம் ஒன்றில் தமிழுக்கு ஆறு பேர்தானாம், அதனால் இந்த வருடம் வகுப்பு இல்லையாம். மலாய்க்கே திணறுகிறான், தமிழை விட்டுவிடலாமே என்கிறார் அவன் அப்பா.

சரஸ்: விடவே கூடாது. படிவம் ஒன்றில் தமிழை விட்டவர் யாரும் படிவம் நான்கில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் 500க்கு மேல் இருக்கின்றன, தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூடக் கிடையாது. இந்த வகுப்பும் போனால் அவன் தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிடும். படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி ஒரு பாடம், தமிழ் இலக்கியம் இன்னொரு பாடம். அத்தானிடம் இதையும் சொல்.

சரஸ்: அந்த ஆறு பேர் கணக்கையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதே. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், நடைமுறைக்கு ஒத்துவரும் பட்சத்தில் தமிழ் கற்பிக்க வேண்டும் என்கிறது. பள்ளி முழுவதும் சேர்த்து 15. ஒரு படிவத்தில் 15 என்று இல்லை. சண்டைக்குப் போகாதே. பெயர், வகுப்பு, கையொப்பம் எல்லாம் போட்டு மரியாதையாக ஒரு கடிதம் கொடு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் ஒரு பிரதி.

யாழினி: படிவம் நான்கில் மட்டும் நாங்கள் எட்டுப் பேர். எங்கள் தமிழ் ஆசிரியைக்குச் செவ்வாய் 11 மணிக்குப் பாடவேளை இல்லை. பெயர் சேர்ந்தால் எடுக்கிறேன் என்றார்.

தேவி: வேன் 12 மணிக்குத்தான் வரும். ஒரு பிள்ளைக்காக முன்னால் வர மாட்டார்.

முரளி: திங்கட்கிழமை எனக்கு இரவு வேலை. செவ்வாய் காலையில் துறைமுகத்திலிருந்து வந்து தூங்கி எழுந்தால் பத்தரை. நான் கொண்டுபோய் விடுகிறேன். மற்ற இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொள்ளலாம்.

திங்கள், பிப்ரவரி 2

தேவி (காலை 10:05): 19 கையொப்பம்! நேற்றுப் பத்துமலை முருகன் கோயிலில் மட்டும் நான்கு. ஒருவர் காவடியோடு வந்த மகனைப் பார்த்துக்கொண்டே என் முதுகில் தாளை வைத்துக் கையொப்பம் போட்டார்.

சரஸ்: தைப்பூசக் கூட்டத்திலுமா? தாளில் திருநீறு ஒட்டியிருந்தால் வேறு நகல் எடுத்துக் கொடு.

தேவி: எடுத்துவிட்டேன். நாளை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிவிடுவேன்.

பாட்டி: நானும் கையொப்பம் போடட்டுமா?

சரஸ்: பெற்றோர்தான் போட வேண்டும் அம்மா.

பாட்டி: சரி. அப்படியானால் செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு என் பொறுப்பு, காரில் போகும் மூன்று பேருக்கும். அந்த இரண்டு பையன்களில் யாராவது சைவமா என்று கேட்டுச் சொல்.