விலங்கு நல ஆலோசனைக் குழுவால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

கேள்வி:
எங்கள் உள்ளாட்சியின் விலங்கு நல ஆலோசனைக் குழுவில் அண்மையில் என்னை உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். காப்பகத்தில் ஒரு நாய்க்கென்று கட்டிய கூண்டில் மூன்று நாய்கள் கிடக்கின்றன. முதல் கூட்டத்தில், கூண்டுகளைப் பெருக்க வேண்டும் என்று ஒருவரும், தத்தெடுப்பு முகாம்களைக் கூட்ட வேண்டும் என்று மற்றொருவரும் பேசினார்கள். இறுதியில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கலைந்தோம். நிதி ஒதுக்கவோ ஊழியர்களுக்கு உத்தரவிடவோ அதிகாரமில்லாத ஒரு குழு, பெருகிக்கொண்டே போகும் செல்லப்பிராணிகள் விஷயத்தில் எதையாவது மாற்ற முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (முன்னாள் குழு உறுப்பினர்):
முடியும். ஆனால் காப்பகத்துக்கு வந்து சேரும் விலங்குகளைக் குறித்துவைக்கும் வரவுப் பதிவேட்டைப் படிக்காமல் எதையும் பரிந்துரைக்காதீர்கள். நாங்கள் முதல் ஆண்டு முழுவதும் தத்தெடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பிறகு பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, 'காரணம்' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக 'உரிமையாளர் ஒப்படைத்தார்' என்று மட்டுமே எழுதியிருந்தது. ஏன் ஒப்படைத்தார் என்று எவரும் கேட்டிருக்கவில்லை. வீடு மாற்றம், மருத்துவச் செலவு, எதிர்பாராமல் பிறந்த குட்டிகள் என்று காரணத்தைப் பிரித்து, எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதையும் குறிக்கச் சொன்னோம். சில மாதங்களில், குட்டிகளில் பெரும்பாலானவை இரண்டே பகுதிகளிலிருந்து வருவது தெரிந்தது. கருத்தடை அறுவைக்கான பணத்தை ஊர் முழுவதும் சிறுகச் சிறுகச் செலவிடாமல் அந்த இரண்டு இடங்களில் குவிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது, அது அவர்களுடைய கணக்கிலிருந்தே எழுந்த கோரிக்கை என்பதால் அதிகாரிகளால் தட்ட முடியவில்லை.

பதில் 2 (கால்நடை மருத்துவர்):
இதை முழுமையாக ஏற்கிறேன். பெண் பூனை நான்காவது மாதத்திலேயே பருவமடையக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் சினையாகவும் கூடும். ஆகவே 'ஆறு மாதம் ஆனபின் கொண்டுவாருங்கள்' என்று சொல்லி அனுப்பப்பட்ட பூனை, பல வேளைகளில் வயிற்றில் குட்டிகளுடன்தான் திரும்பி வருகிறது. 5 மாதம் நிறைவதற்குள் அறுவையை முடிப்பதையும், காப்பகம் எந்த விலங்கையும் கருத்தடை செய்யாமல் தத்துக் கொடுக்காமலிருப்பதையும் உங்கள் குழு விடாமல் வலியுறுத்த வேண்டும். 'பிறகு செய்துகொள்கிறேன்' என்று கையெழுத்திட்டுப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் பலர் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்: நாய்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் திட்டங்களுக்கு ஆலோசனைக் குழு அமைப்பதை உலக விலங்கு சுகாதார அமைப்பின் (WOAH) வழிகாட்டு நெறிகளே பரிந்துரைத்திருக்கின்றன, அதில் மருத்துவர்களோடு உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம், தன்னார்வ அமைப்புகள், பொதுமக்கள் ஆகியோரின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும்.

பதில் 3 (காப்பகத் தன்னார்வலர்):
ஒரு எச்சரிக்கை. கருத்தடை செய்யாதவர்களுக்கு அபராதம் என்ற யோசனை உங்கள் கூட்டத்தில் கட்டாயம் எழும். கட்டணம் குறைந்த அறுவை வசதி அருகில் இல்லாத இடத்தில் அபராதம் போட்டால், பயந்தவர்கள் விலங்கை இருட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். காப்பக வாசலில் விடியற்காலையில், கண் திறக்காத ஐந்து பூனைக்குட்டிகள் ஈரத் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தவள் நான். வைத்தவரை என்னால் வெறுக்க முடியவில்லை. முதலில் வசதி, பிறகு சட்டம் என்ற வரிசையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பதிவேட்டைக் கேட்டால், 'அது அலுவலக ஆவணம்' என்று மறுத்தால் என்ன செய்வது?

பதில் 1:
வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்து மூலம் கேளுங்கள். வரவு, உரிமையாளரிடம் திரும்பியவை, தத்துப் போனவை, இறந்தவை, கருணைக்கொலை செய்யப்பட்டவை ஆகிய ஐந்து எண்களை மட்டும் ஒவ்வொரு மாதமும் கேட்டு, அவர்கள் தராத மாதத்தில் 'தரப்படவில்லை' என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்களுக்கு மூன்றாவது மாதத்தில் வந்து சேர்ந்தது.