4 மாதப் பூனைக்குட்டிக்கு எந்த உணவு நல்லது? கோழிக்கறி மட்டும் கொடுக்கிறேன், ஒரு வாரமாகக் குதிக்க மாட்டேன் என்கிறான்

தாமிரபரணிக்காரி (பாளையங்கோட்டை):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கருப்பட்டி என்று ஒரு ஆண் குட்டி இருக்கிறான். மாடிப்படிக்குக் கீழே மழையில் நனைந்து கிடந்தவனை ஒன்றரை மாதக் குட்டியாக எடுத்து வந்தோம், இப்போது ஏறக்குறைய 4 மாதம், எடை 1.4 கிலோ. முதலில் பால்சோறு வைத்தோம், வயிற்றுப்போக்கு வந்ததால் நிறுத்திவிட்டோம். அப்புறம் கடையில் பெரிய மூட்டையைப் பிரித்து லூஸில் அள்ளிக் கொடுப்பார்களே, சிவப்பும் பச்சையுமாக மீன் வடிவத்தில் பூனைத்தீனி, அதில் அரைக் கிலோ வாங்கினேன். இரண்டு நாள் தின்றான், மூன்றாம் நாள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். எனக்கே அதில் எண்ணெய் சிக்கு வாடை அடித்தது.

அன்றிலிருந்து, அதாவது இரண்டு மாதத்துக்கும் மேலாக, எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியை உப்பில்லாமல் வேகவைத்துப் பிய்த்துப் போடுகிறேன், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஈரல். ஆசையாகச் சாப்பிடுகிறான். மனிதர் சாப்பிடும் கறியையே கொடுக்கிறோம், இதைவிடத் தரமான உணவு எது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனாலும் பாக்கெட் உணவு சேர்க்கலாமா என்று ஒரு யோசனை. கிலோ 300 ரூபாயிலும் இருக்கிறது, 1,000 ரூபாய்க்கு மேலும் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

இன்னொன்று, இது உணவுக்குச் சம்பந்தம் இல்லாததாக இருக்கலாம். ஒரு வாரமாக ஜன்னல் திண்டில் ஏற மாட்டேன் என்கிறான், இடுப்பில் கை வைத்துத் தூக்கினால் கத்துகிறான். எங்காவது விழுந்து சுளுக்கியிருக்குமோ?

சங்குக்கரை (தூத்துக்குடி):

தங்கச்சி, பாக்கெட்டெல்லாம் எதற்கு? எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து பூனை வளர்க்கிறோம். சாளை மீனை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைப்போம், அவ்வளவுதான். 12 வருஷம் இருந்த பூனையெல்லாம் உண்டு. கறி மட்டும் கொடுப்பதைவிட மீன் நல்லது, கொடுத்துப் பாருங்கள்.

வெண்புறா (கால்நடை மருத்துவம், இறுதியாண்டு):

அக்கா, நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைச் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மாதம் எலும்பில்லாத கறி மட்டும் தின்ற, வளர்கிற வயதுக் குட்டி, குதிப்பதை நிறுத்திவிட்டது, தூக்கினால் வலியில் கத்துகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் எலும்பில் கால்சியம் குறைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். நாளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பாளையிலிருந்து பக்கம்தான், அங்கே விசாரித்துப் பாருங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நல்ல கறியில் என்ன குறை என்று தோன்றும். வேகவைத்த 100 கிராம் நெஞ்சுக்கறியில் பாஸ்பரஸ் 220 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், கால்சியம் 15 மில்லிகிராம் அளவுதான். வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுகின்றன. இரத்தத்தில் அளவு சரியாக இருக்கும், குட்டியும் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே எலும்பு மட்டும் மெலிந்துகொண்டே போகும். சோபாவிலிருந்து குதித்ததில் தொடை எலும்பு உடைந்து வந்த குட்டியை நான் வார்டில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

இன்று இரவு அவனை ஒரு பெரிய அட்டைப்பெட்டியிலோ கூடையிலோ வையுங்கள், ஏறவோ குதிக்கவோ விடாதீர்கள். தூக்கும்போது நெஞ்சுக்கும் பின்பக்கத்துக்கும் கை கொடுத்துத் தூக்குங்கள். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம், கால் மாத்திரை கூட உயிரை எடுக்கும்.

ஈரல் வாரத்துக்கு மூன்று நாள் என்பதும் அதிகம். அதில் வைட்டமின் ஏ நிறைய இருக்கிறது, மாதக்கணக்கில் சேர்ந்தால் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

மேட்டூர்வாசி (சேலம்):

முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடி செய்து கறியில் தூவினால் கால்சியம் கிடைத்துவிடுமே? நான் அப்படித்தான் கொடுக்கிறேன்.

வெண்புறா:

அண்ணா, முட்டை ஓட்டில் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் எத்தனை கிராம் கறிக்கு எத்தனை கிராம் பொடி என்று கணக்கில்லாமல் தூவினால் இந்தப் பக்கம் இருந்த தவறு அந்தப் பக்கம் போய்விடும், அதிகமானாலும் கெடுதல்தான். கறியில் குறைவது கால்சியம் மட்டும் இல்லை. வைட்டமின் டி, வைட்டமின் ஈ, அயோடின், தாமிரம் என்று பட்டியல் நீளும். கறியை ரொம்ப நேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் டாரின் என்ற சத்தும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். டாரினைப் பூனையின் உடம்பு போதுமான அளவுக்குத் தானே செய்துகொள்ளாது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை மெலிந்து இதயம் பெரிதாகும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள இந்தத் தொடர்பு 1987இல்தான் தெரியவந்தது, அதன் பிறகுதான் பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். வீட்டுச் சமையலிலேயே வளர்க்க வேண்டும் என்றால் முடியும், ஆனால் ஊட்டச்சத்து தெரிந்த மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அளவுப்படிதான் செய்ய வேண்டும். ஏற்கெனவே எலும்பு மெலிந்திருக்கும் குட்டியிடம் அதைச் செய்து பார்க்க இது நேரம் இல்லை.

சங்குக்கரை அண்ணாச்சிக்கு: உங்கள் அம்மா வளர்த்த பூனைகள் நன்றாக இருந்ததை நம்புகிறேன். அவை வீட்டில் தின்றது பாதிதான் அண்ணாச்சி. ராத்திரியில் எலி, பல்லி, குருவி என்று பிடித்து எலும்பு, குடல், ஈரல் எல்லாவற்றோடும் தின்றிருக்கும், ஒரு முழு எலியில் பூனைக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாம் இருக்கிறது. கருப்பட்டி மாடிவீட்டுக்குள்ளேயே இருக்கிறான், தட்டில் விழுவது மட்டும்தான் அவனுக்கு. மீனும் அப்படித்தான், எப்போதாவது கொடுக்கலாம், தினமும் அதுவே சாப்பாடு என்று வைக்கக் கூடாது. எண்ணெய்ச் சத்துள்ள மீனையே நாள்தோறும் தின்றால் வைட்டமின் ஈ குறைந்து உடம்பின் கொழுப்பு வீங்கி வலிக்கும். நெத்திலி போன்றவற்றைப் பச்சையாகப் போடவே வேண்டாம், அதில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும், வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

சங்குக்கரை:

எலி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, தம்பியோ தங்கச்சியோ தெரியவில்லை, நல்லா இரு. கூரை வீட்டில் எலிக்கா பஞ்சம். இப்போது இருக்கும் பூனை மாடியை விட்டு இறங்குவதில்லை, அதற்கும் இனி யோசிக்க வேண்டும்.

தாமிரபரணிக்காரி:

இன்று காலை போய் வந்தோம். வெண்புறா சொன்னதேதான். எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் மங்கலாக, சதையின் நிறத்துக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி தெரிகிறது, இடது பின்னங்காலில் மெல்லிய விரிசல். அறுவை தேவையில்லை, கூண்டில் ஓய்வு, பூனைக்கான வலி மருந்து, கறியை நிறுத்திவிட்டுக் குட்டிகளுக்கான முழுமையான உணவு மட்டும், 5 வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே என்றார் டாக்டர். கால்சியம் டானிக் தனியாக வேண்டாமாம், உணவு சரியானாலே எலும்பு தேறும் என்றார். குடற்புழு மருந்தும் கொடுத்தார்கள். தடுப்பூசியை அவன் கொஞ்சம் தேறியதும் போடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன். நல்லது என்று நினைத்துத்தானே கொடுத்தேன். சரி, இப்போது செய்ய வேண்டியதைப் பார்க்கிறேன். கடையில் போய் நின்றால் எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரி தெரிகிறது. எதைப் பார்க்க வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

மூன்று பூனை வீடு (கோவை):

அழாதீங்க அக்கா, என் முதல் பூனைக்கு நானும் இதே தப்பைச் செய்தேன், அவளுக்கு இப்போது 7 வயது, அலமாரி உச்சியில்தான் தூங்குகிறாள்.

பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முதலில் தேட வேண்டியது ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ (முழுமையான, சமச்சீரான உணவு) என்ற சொல், அதுவும் ‘கிட்டன்’ அல்லது ‘குரோத்’ அல்லது ‘ஆல் லைஃப் ஸ்டேஜஸ்’ என்பதோடு சேர்ந்து இருக்க வேண்டும். ‘காம்ப்ளிமென்டரி’ என்றோ ‘ட்ரீட்’ என்றோ போட்டிருந்தால் அது நொறுக்குத்தீனி, கூழாகக் குச்சிப் பாக்கெட்டில் வருகிறதே, அதில் நிறைய இந்த வகைதான். அதைக் கீழே வைத்துவிடுங்கள். வளர்ந்த பூனைக்கு மட்டும் என்று போட்டதும் இப்போது வேண்டாம். நாய் உணவை நினைக்கவே நினைக்காதீர்கள்.

அடுத்தது புரதம். அமெரிக்காவில் விலங்கு உணவுக்கு அளவு வகுக்கும் ஆஃப்கோ என்ற அமைப்பின் கணக்குப்படி குட்டிப் பூனை உணவில் ஈரம் நீக்கிய கணக்கில் புரதம் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கொழுப்பு 9க்குக் குறையக் கூடாது. இந்த ‘ஈரம் நீக்கிய’ என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஈர உணவுப் பாக்கெட்டில் புரதம் 8 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, 34 சதவீதம் போட்டிருக்கும் உலர் உணவுதான் நாலு மடங்கு நல்லது என்று நானும் நினைத்தேன். ஈர உணவில் 84 சதவீதம் தண்ணீர். மிச்சம் 16இல் 8 புரதம் என்றால் பாதிக்குப் பாதி, 50 சதவீதம். உலர் உணவில் ஈரம் 10, மிச்சம் 90இல் 34 என்றால் ஏறக்குறைய 38 சதவீதம். இந்தக் கணக்கைக் கடையிலேயே கைப்பேசியில் போட்டுப் பார்க்கலாம்.

சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போடுவார்கள். கோழி, மீன், கோழி மீல் என்று விலங்குப் பொருள் முன்னால் வந்தால் எனக்குத் திருப்தி. சோளமும் சோயாவும்தான் முதல் இரண்டு இடம் என்றால் நான் எடுப்பதில்லை. ‘மீல்’ என்றால் குப்பை என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது தண்ணீர் வற்றவைத்த கறிமாவு, அவ்வளவுதான். நிறம் நமக்காகப் போடுவது, பூனைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பெயர் கேட்டால், நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பதில் ராயல் கேனின் கிட்டன், விஸ்காஸ் கிட்டன் இரண்டும் குட்டிக்கென்று செய்தவை. விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. கட்டுப்படியாகிற ஒன்றைத் தொடர்ந்து வாங்குவதுதான் முக்கியம், ஒரு மாதம் விலை கூடியதை வாங்கிவிட்டு அடுத்த மாதம் கறிக்குத் திரும்புவதற்கு, விலை குறைந்த முழுமையான உணவே மேல். லூஸ் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அதில் எதுவும் அச்சிட்டிருக்காது, தேதி தெரியாது, மூட்டை திறந்து எத்தனை வாரம் ஆனது என்று கடைக்காரருக்கே தெரியாது. நீங்கள் மோந்த சிக்கு வாடை கொழுப்பு கெட்டுப்போனதன் வாடை, கருப்பட்டி சரியாகத்தான் ஒதுக்கியிருக்கிறான்.

தாமிரபரணிக்காரி:

ரொம்ப நன்றி. குட்டி உணவில் ஒரு 400 கிராம் உலர் பாக்கெட்டும் நாலு ஈரப் பாக்கெட்டும் வாங்கினேன், இரண்டிலும் நீங்கள் சொன்ன சொல் இருக்கிறது. ஆனால் உலர் உணவைத் தொடவே மாட்டேன் என்கிறான். கறி எங்கே என்று என் முகத்தைப் பார்க்கிறான். பட்டினி போட்டால் வழிக்கு வருவான் என்கிறார் என் வீட்டுக்காரர்.

வெண்புறா:

பட்டினி போடாதீர்கள் அக்கா. குட்டி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலே அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். ஈர உணவைத் தின்கிறான் என்றால் அதிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் முழுமையானதுதானே. குளிர்ச்சியாக வைக்காதீர்கள், வெந்நீரில் பாக்கெட்டைக் கொஞ்சநேரம் போட்டுவைத்தால் வாசனை எழும். உலர் உணவில் நாலைந்து உருண்டை மட்டும் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து ஈர உணவில் பிசையுங்கள். கறியை ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால் நகக்கண் அளவு கறியை மேலே தூவுங்கள், நாலைந்து நாளில் அதையும் விட்டுவிடலாம். வழக்கமாக உணவு மாற்ற 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளச் சொல்வோம், இவன் விஷயத்தில் சீக்கிரம் மாற்றுவதே நல்லது, மலம் கொஞ்சம் இளகினாலும் பரவாயில்லை. இரத்தம் கலந்து வந்தாலோ வாந்தி சேர்ந்தாலோ அன்றே போய்விடுங்கள். குழம்பில் போட்ட கறியைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

ஒரு நாளைக்கு நாலு வேளையாகப் பிரித்து வையுங்கள். மொத்த அளவு பாக்கெட்டின் பின்னால் எடைப்படி இருக்கும், உலர், ஈரம் இரண்டும் கொடுத்தால் இரண்டையும் குறைத்துப் பாதிப்பாதியாக.

மேட்டூர்வாசி:

நானும் முட்டை ஓட்டை நிறுத்திவிட்டேன். என் குட்டிக்கு 6 மாதம், துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, இருந்தாலும் இந்த வாரம் காட்டிவிட்டு வருகிறேன்.

தாமிரபரணிக்காரி:

5 வாரம் கழித்து எழுதுகிறேன், பலர் தனியாகக் கேட்டீர்கள். இரண்டாவது எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எலும்பு வெள்ளையாகத் தெளிவாகத் தெரிகிறது, விரிசல் ஒட்டிச் சேர்ந்துவிட்டது. எடை 2.1 கிலோ. 10 நாளிலேயே தூக்கினால் கத்துவது நின்றுவிட்டது, கூண்டுக்குள் வைத்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஊறவைத்த உலர் உணவு காலையும் இரவும், ஈர உணவு நடுவில் இரண்டு வேளை. பாக்கெட்டைத் திறந்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் பாக்கெட்டோடு அப்படியே வைக்கிறேன், தேதியும் கையில் இருக்கும், எறும்பும் வராது. அடுத்த வாரம் தடுப்பூசி, 6 மாதம் ஆனதும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர், அதற்குப் பிறகு பசி கூடும், தேவை குறையும், அளவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இன்னும் இரண்டு வாரத்துக்கு உயரத்தில் ஏற விடக் கூடாதாம். ஜன்னல் திண்டுக்குக் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டே இருக்கிறான். நான்தான் தூக்கி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.