கல்லடி வீட்டில் பியானோ நிகழ்ச்சி: மாரி ஈரத்தில் ஒட்டும் கட்டைகளுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி (கல்லடி)
தைப்பொங்கலுக்குப் பின்வரும் சனிக்கிழமை மாலை, உறவினரும் அயலவருமாக இருபத்தைந்து பேரளவில் வீட்டுக்கு அழைத்து, பாக், ஷூபர்ட், ஷோபேன் ஆகியோரின் சிறிய ஆக்கங்களை என் அக்காவின் மகள் வாசிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். பியானோ, சுவரோரம் நிற்கும் பழைய அப்ரைட் வகை. வீடு வாவிக்கரையில் இருப்பதால், மாரி தொடங்கியதிலிருந்து நடுப்பகுதிக் கட்டைகள் சில அழுத்திய பின் உடனே மேலெழுவதில்லை, சுருதியும் விலகியுள்ளது. டைல்ஸ் பதித்த மண்டபத்தில் எதிரொலியும் அதிகம். டியூனர் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். அவரை எப்போது அழைப்பது?

பதில் (ஓய்வுபெற்ற இசையாசிரியை, மட்டக்களப்பு நகர்)
தம்பி, கோளாறு கட்டையிலா, கம்பியைத் தட்டும் சுத்தியலிலா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். மேல்முகப்புப் பலகையைக் கழற்றி, அந்தக் கட்டைக்குரிய சுத்தியலை விரலால் கம்பிப் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டால் அது உடனே திரும்ப வேண்டும். தயங்கித் திரும்பினால், அதன் அச்சூசியைச் சுற்றியுள்ள கம்பளித்துணி ஈரத்தில் பருத்திருக்கிறது. சுத்தியல் நன்றாகத் திரும்பியும் கட்டை தாழ்ந்தே நின்றால், கட்டையின் வழிகாட்டி ஊசிகளில்தான் உரசல். இரண்டையும் டியூனர் சரிசெய்வார். எண்ணெயோ துருநீக்கித் தெளிப்போ தயவுசெய்து விட வேண்டாம். கம்பளி அதை உறிஞ்சிப் பின்னர் இன்னும் இறுகிவிடும்.

சுருதி விலகுவதற்கும் ஈரமே காரணம். கம்பிகளின் அதிர்வைப் பெருக்கிக் கேட்கச் செய்யும் மரப்பலகையான ஒலிப்பலகை ஈரத்தை உறிஞ்சிப் புடைக்கும்போது கம்பிகள் இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் உலர்ந்து சுருதி இறங்குகிறது. ஒரு பியானோவில் 200க்கும் மேற்பட்ட கம்பிகள் உள்ளன. அவற்றின் மொத்த இழுவிசை 15 தொன்னைத் தாண்டும். ஆகையால் நெடுநாள் கவனிக்கப்படாத வாத்தியம் ஒரே அமர்வில் நிலைத்து நிற்காது. இப்போது ஒரு முறையும், நிகழ்ச்சிக்கு ஓரிரு நாள் முன்பு இன்னொரு முறையும் சுருதி சேர்க்க வேண்டும். செலவு கூடினாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், பிள்ளையின் உழைப்பு முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது. அன்று மாலை ஏசி போடுவதில்லை என்றால், சுருதி சேர்க்கும்போதும் போட வேண்டாம்.

பதில் (கல்முனை)
அப்ரைட் பியானோவின் ஒலிப்பலகை பின்புறத்தில் இருப்பதால், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே ஒலி தெளியும். வாவிப் பக்கத்து யன்னலை விட்டு உட்சுவரோரம் நிறுத்துங்கள். எதிரொலிக்குப் பன்பாய் மட்டும் போதாது. தடித்த திரைச்சீலையும் மெத்தையும் வேண்டும். வந்தமரும் ஆட்களே ஒலியைப் பெருமளவு உறிஞ்சிவிடுவார்கள் என்பதால், வெறும் மண்டபத்தில் கேட்டு மனம் தளர வேண்டாம். ஒலிபெருக்கி அறவே தேவையில்லை.

பதில் (அக்கரைப்பற்று)
ஷூபர்ட்டின் இசையை 1820களில் வியன்னாவில் அவருடைய நண்பர்கள் வீடுகளில் கூடித்தான் கேட்டார்கள். ஷோபேனும் பெரிய அரங்குகளைவிடச் சிறிய கூடங்களையே விரும்பினார். எனவே இந்த இசைக்கு உங்கள் மண்டபம் பொருத்தமான இடமே. நிகழ்ச்சியை முக்கால் மணித்தியாலத்துக்குள் வைத்து, ஒவ்வொரு ஆக்கத்துக்கும் முன் இரண்டு வசனம் சொல்லச் சொல்லுங்கள். மின்வெட்டு வந்தாலும் பியானோ ஒலிக்கும். இசைத்தாளுக்கு மேலே ஒரு சார்ஜ் விளக்கு இருந்தால் போதும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. சோதித்துப் பார்த்தேன், சுத்தியல்கள்தான் தயங்குகின்றன. டியூனரிடம் தெரிவித்துவிட்டேன். உள்ளே ஈரம் போக்கும் சூட்டுக்கம்பி பொருத்தலாமா, ரீச்சர்?

பதில் (ஓய்வுபெற்ற இசையாசிரியை)
பொருத்தலாம். ஆனால் முதல் சுருதி சேர்ப்புக்கு முன்பே பொருத்தித் தொடர்ந்து இயங்க விடுங்கள். பிறகு பொருத்தினால் மரம் உலர உலரச் சுருதி மீண்டும் நகரும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தை அண்டியதும் தானே நின்றுவிடும் கட்டுப்பாட்டுக் கருவியோடு வாங்குங்கள். அது இல்லாவிட்டால், கச்சான் காலத்தில் கட்டாயம் நிறுத்தி வைக்க வேண்டும். மிகையாக உலர்ந்தால் ஒலிப்பலகை வெடித்துவிடும்.