அனுப்பிய மின்னஞ்சல் 42 நிமிடங்கள் எங்கே தங்கியிருந்தது?

நொய்யல்கரை (திருப்பூர்):
பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராகப் பணியாற்றுகிறேன். ஜெர்மனியில் உள்ள புதிய பையர் (வாங்குபவர்) ஒருவருக்குத் திருத்திய விலைப்பட்டியலைக் காலை 11.10 மணிக்கு முதன்முறையாக அனுப்பினேன். என் திரையில் உடனே 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. ஆனால் அவருக்கு அது நம் நேரப்படி 11.52 மணிக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதன்பின் அனுப்பியவையெல்லாம் நொடிகளில் போய்ச் சேர்ந்தன. முதல் மின்னஞ்சல் இடையில் எங்கே இருந்தது?

பவானிக்கூடல் (ஈரோடு):
இணைப்புக் கோப்பு பெரியதாக இருந்திருக்கலாம். கோப்புகள் வெறும் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிப்பதால், அவற்றின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

பீளமேடு சர்வர் அறை (கோவை):
அளவுதான் காரணமென்றால் பிந்தைய மின்னஞ்சல்களும் தாமதித்திருக்கும். எனவே முதல் தொடர்பு என்பதையே கவனிக்க வேண்டும். 'அனுப்பப்பட்டது' என்பது, பார்சல் சர்வீஸில் சரக்கை ஒப்படைத்ததும் கையில் கிடைக்கும் எல்.ஆர். ரசீதைப் போன்றது, உங்கள் நிறுவனத்தின் சர்வர் கடிதத்தைப் பெற்றுக்கொண்டது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை. அதன்பின் அந்த சர்வர், பையரின் டொமைனுக்கான (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) அஞ்சலை ஏற்பது எந்த சர்வர் என்பதை, இணையப் பெயர்களின் விவரப் பட்டியலான டிஎன்எஸ்ஸில் உள்ள எம்எக்ஸ் பதிவின் வழியே கண்டறிந்து, மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கென 1982இல் வரையறுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறைப்படி அதனுடன் பேசும். எதிர் சர்வர் 250 என்று பதிலளித்தால் பொறுப்பு கைமாறிவிட்டது. 5இல் தொடங்கும் எண் என்றால் நிரந்தர மறுப்பு. 4இல் தொடங்கினால் 'பிறகு வாருங்கள்' என்று பொருள். முன்பின் அறியாத அனுப்புநரை முதல்முறை வேண்டுமென்றே 4 என்று திருப்பி அனுப்பும் வழக்கம் பல சர்வர்களில் உண்டு; இதற்கு கிரேலிஸ்டிங் என்று பெயர். குப்பை அஞ்சல் அனுப்பும் நிரல்கள் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை, ஒழுங்கான சர்வரோ கடிதத்தை வரிசையில் வைத்திருந்து மீண்டும் முயலும். இப்படி நான்கைந்து நாள்கள் வரைகூட முயன்ற பின்னரே அது கைவிடும்.

பையரிடம் வந்து சேர்ந்த பிரதியின் முழு ஹெட்டரை, அதாவது கடிதம் கடந்து வந்த சர்வர்களின் குறிப்புகள் அடங்கிய தலைப்புப் பகுதியை, கேட்டு வாங்குங்கள். உங்கள் 'அனுப்பியவை' பெட்டியில் உள்ள பிரதியில் இந்தப் பயணக் குறிப்புகள் இருக்காது. ஒவ்வொரு சர்வரும் தன் 'ரிசீவ்டு' வரியை மேலே சேர்ப்பதால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

நொய்யல்கரை (திருப்பூர்):
மிக்க நன்றி ஐயா. ஹெட்டர் கிடைத்தது. கீழ்வரியில் 11.10, அதற்கு மேல் 08.22 என்றிருந்ததைப் பார்த்து, அனுப்புவதற்கு முன்பே சேர்ந்துவிட்டதா என்று முதலில் திகைத்தேன். பிறகுதான் ஒன்றில் +0530 (இந்திய நேரம்), மற்றதில் +0200 (ஜெர்மனி நேரம்) என்று இருப்பதைக் கவனித்தேன்; அங்கே 08.22 என்றால் நமக்கு 11.52. எங்கள் சர்வரின் பதிவேட்டையும் பார்க்கச் சொன்னேன்: 11.10க்கு 451 என்ற மறுப்பு, 11.52க்கு 250. ஜெர்மனியில்தான் எங்கோ சிக்கிவிட்டது என்று பையரிடம் நான் எழுதியிருந்தேன். ஆனால் அந்த 42 நிமிடங்களும் கடிதம் எங்கள் சர்வரின் வரிசையில்தான் காத்திருந்திருக்கிறது. அதை அவருக்கு இன்றே திருத்தி எழுதிவிடுகிறேன்.